வீட்டில் கார் சார்ஜர் பொருத்த எந்த எலக்ட்ரீஷியனை அழைக்கலாம்: ஒரு மதிப்பீடு

மின்சாரக் காருக்கு வீட்டில் சார்ஜர் பொருத்துவது பார்வைக்குக் கீசரோ ஏசியோ மாட்டுவது போன்ற வேலையாகவே தெரியும். சுவரில் ஒரு பெட்டி, அதற்கு ஒரு கேபிள், போர்டில் மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் ஓர் எம்.சி.பி., அவ்வளவுதான் என்று தோன்றுவதால், வீட்டுக்கு வழக்கமாக வருகிற எலக்ட்ரீஷியனே போதும் என்று பலரும் முடிவு செய்துவிடுகிறார்கள். கீசர் தண்ணீர் சூடானதும் நின்றுவிடும். ஏசியின் கம்ப்ரசர் அறை குளிர்ந்ததும் ஓய்வெடுக்கும். கார் சார்ஜரோ 32 ஆம்பியர் மின்னோட்டத்தை மணிக்கணக்கில், இடைவெளியே விடாமல், பெரும்பாலும் வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் இழுத்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டுச் சார்ஜருக்காகச் சிலரிடம் விலைப்புள்ளி வாங்கி, அவர்களில் ஒருவரிடம் பணியை ஒப்படைத்து, இப்போது அதை அன்றாடம் பயன்படுத்தி வருகிறேன். அவருடைய பணியைப் பற்றிய மதிப்பீடாகவும், மற்றவர்களை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்பதற்கான விளக்கமாகவும் இதை எழுதுகிறேன். விலை சொல்லும் முன் அளந்து பார்ப்பவரையும், வேலை முடிந்தபின் அளவீடுகளை எழுத்தில் கொடுப்பவரையும் மட்டுமே இந்த வேலைக்கு நம்பலாம் என்பது என் முடிவு.

தொடர்ந்து பாயும் மின்னோட்டம் ஏன் தனிக் கவனம் கேட்கிறது என்பதைக் கணக்கிலேயே காட்டிவிடலாம். ஓர் இணைப்பில் திருகு சரியாக இறுகாததால் 0.05 ஓம் மின்தடை கூடுதலாக ஏற்பட்டிருப்பதாகக் கொள்வோம். விளக்குகளும் மின்விசிறிகளும் ஓடும்போது அங்கே உண்டாகும் வெப்பம் பொருட்படுத்தத் தக்கதல்ல. அதே இணைப்பின் வழியாக 32 ஆம்பியர் பாய்ந்தால், மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கக் கிடைக்கும் 51 வாட் வெப்பம், ஒரு சிறிய திருகு முனையில் குவிகிறது. அது ஒரு சால்டரிங் அயர்னின் திறனுக்குச் சமம். 16 ஆம்பியரில் அதே இடத்தில் 13 வாட்தான் இருந்திருக்கும்; மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகிவிடுகிறது. மின்னோட்டம் வரம்புக்குள்ளேயே இருப்பதால் எம்.சி.பி. விழாது; எர்த்துக்குக் கசிவு எதுவும் இல்லாததால், கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.டி.யும் விழாது. உறை பழுப்பேறிக் கருகி வாடை அடிக்கும்போதுதான் பெரும்பாலும் விஷயம் வெளியே தெரியவரும். ஆகவே எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு திருகையும் எப்படி இறுக்குகிறார் என்பது இந்த வேலையில் சிறு விஷயமல்ல.

முதலில் வந்து பார்த்தவர் எங்கள் வீட்டு வயரிங்கை நன்றாக அறிந்தவர், நாணயமானவர். மற்ற வேலைகளுக்கு இன்றும் அவரைத்தான் அழைக்கிறேன். அவர் சார்ஜர் வரவேண்டிய சுவரைப் பார்த்தார், தூரத்தைக் காலடியால் அளந்தார், மெயின் போர்டின் மூடியைத் திறக்காமலேயே, "நாலு ஸ்கொயர் வயர் இழுத்துடலாம் சார், ஏசிக்கு அதானே போடுறோம்" என்று சொல்லி ஒரு தொகையையும் கூறிவிட்டார். நான்கு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, குழாய்க்குள் செல்லும்போது, பதிக்கும் முறையைப் பொறுத்து 32 ஆம்பியரின் விளிம்பிலோ அதற்குக் கீழேயோதான் நிற்கும். இதோடு தூரமும் சேர்கிறது. போர்டிலிருந்து சார்ஜர் வரை 30 மீட்டர் என்றால் போக்கும் வரவும் சேர்த்து 60 மீட்டர் கம்பி. நான்கு சதுர மில்லிமீட்டரில் ஏறக்குறைய 9 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும், ஆறில் அது 6 வோல்ட்டுக்கும், பத்தில் மூன்றரை வோல்ட்டுக்கும் குறையும். இழந்த ஒவ்வொரு வோல்ட்டும் கம்பியைச் சூடாக்கவே செலவாகிறது, அதற்கும் மீட்டர் ஓடுகிறது. இந்தக் கணக்கு எதையும் அவர் போடவில்லை. அவருடைய நேர்மையில் குறை இல்லை. இந்த வகைச் சுமையோடு அவருக்குப் பழக்கம் இல்லை, அவ்வளவே.

கார் விற்பனை நிலையம் பரிந்துரைத்த நிறுவனத்தின் ஆட்கள் வேறு வகை. சீருடையும், கைப்பேசியில் நிரப்ப வேண்டிய படிவமும், நல்ல கருவிகளும் அவர்களிடம் இருந்தன. அவர்களே பொருத்தினால் சார்ஜரின் உத்தரவாதத்தில் தகராறு வராது என்பதும் உண்மையான ஒரு நன்மை. ஆனால் அவர்கள் விற்பது வரையறுத்த ஒரு தொகுப்பு. இத்தனை மீட்டர் கேபிள், ஒரு பிரேக்கர், ஒரு பெட்டி. அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் தனிக் கட்டணம். மெயின் போர்டின் நிலை, எர்த், வீட்டின் மொத்தச் சுமை ஆகியவற்றைப் பற்றிக் கேட்டபோது, "அதெல்லாம் உங்க எலக்ட்ரீஷியன் பார்த்துக்கணும் சார், எங்க ஸ்கோப்ல வராது" என்று பதில் வந்தது. ஆபத்து ஒளிந்திருக்கக்கூடிய இடம் எதுவோ, அதுதான் அவர்கள் பொறுப்புக்கு வெளியே இருந்தது.

அவர்கள் 22 கிலோவாட் பெட்டியை வாங்கச் சொன்னதையும் இங்கே குறிப்பிட வேண்டும், ஏனெனில் பலர் இதில்தான் வீணாகப் பணத்தை விடுகிறார்கள். சுவரில் மாட்டும் பெட்டி உண்மையில் பேட்டரிக்கு மின்னேற்றும் கருவி அல்ல. மாறுதிசை மின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றிப் பேட்டரிக்குக் கொடுக்கும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. சுவர்ப் பெட்டி, எத்தனை ஆம்பியர் வரை இழுக்கலாம் என்று காருக்குச் சொல்லி, இணைப்பு பாதுகாப்பாக இருந்தால் மட்டும் மின்சாரத்தைத் திறந்துவிடும் ஒரு காவல் சுவிட்ச். காருக்குள் இருக்கும் கருவி 7.2 கிலோவாட்தான் ஏற்கும் என்றால், 22 கிலோவாட் பெட்டியிலிருந்தும் அவ்வளவுதான் ஏறும். ஒற்றை ஃபேஸ் இணைப்பில் 230 வோல்ட்டும் 32 ஆம்பியரும் சேர்ந்தால் 7.4 கிலோவாட், 22 கிலோவாட் வேண்டுமானால் மூன்று ஃபேஸும் தேவை. எங்கள் கார் எவ்வளவு ஏற்கும் என்று கேட்காமலேயே பெட்டியைச் சிபாரிசு செய்தவரிடம் மற்ற கணக்குகளை எப்படி ஒப்படைப்பது?

நான் தேர்ந்தெடுத்தவர், நேரில் வருவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்ட கேள்விகளால் என் நம்பிக்கையைப் பெற்றார். காரின் மாடல், ஒரு நாளைக்கு ஓடும் தூரம், மெயின் போர்டின் மூடி திறந்த படம், மீட்டரின் படம், காரை நிறுத்தும்போது சார்ஜிங் துளை எந்தப் பக்கம் வரும் என்பது வரை கேட்டார். விலையை மட்டும் சொல்ல மறுத்துவிட்டார். பார்க்காமல் சொல்வது சரியாக இருக்காது என்றார். வந்ததும் போர்டைத் திறந்து, மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு, டார்ச்சை வைத்து, எல்லா லைன்களின் நியூட்ரல் கம்பிகளும் வந்து சேரும் நியூட்ரல் லிங்கைத் திருகு திருகாகப் பார்த்தார். அதில் ஒரு முனையில் கம்பியின் உறை விரற்கடை நீளத்துக்குப் பழுப்பேறி மொறமொறப்பாக இருந்தது. கீசர் லைன் அது. எத்தனை காலமாக அப்படி இருந்ததோ, அதே லிங்கில் சார்ஜரின் 32 ஆம்பியரும் சேர்ந்து பாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் விவரிக்கவில்லை; எனக்குக் காட்டினார், குறித்துக்கொண்டார், மாற்ற வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தார்.

பிறகு சுமைக் கணக்கு. ஒரு வீட்டின் இணைப்பு 40 ஆம்பியர் என்றால், சார்ஜர் 32 ஆம்பியரை எடுத்துக்கொண்டபின் மிஞ்சுவது 8 ஆம்பியர், அதாவது 1,840 வாட். 2,000 வாட் கீசர் ஒன்றைப் போட்டாலே வரம்பு தாண்டிவிடும். இதற்கு வழிகள் உள்ளன: மின்வாரியத்திடம் அனுமதிக்கப்பட்ட சுமையை உயர்த்திக்கொள்ளலாம், சார்ஜரின் உச்ச அளவை நிலையாகக் குறைத்து வைக்கலாம், அல்லது மெயின் கம்பியைச் சுற்றி, மின்னோட்டத்தை அளக்கும் ஒரு சி.டி. வளையத்தை மாட்டி, வீட்டின் மற்றச் சுமை ஏறும்போது சார்ஜர் தானாகக் குறைந்துகொள்ளும்படி செய்யலாம். மூன்றாவது வழிக்குச் சார்ஜரிலேயே அந்த வசதி இருக்க வேண்டும் என்பதால், பெட்டியை வாங்கும் முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்துவிடுவது நல்லது. அவர் கிளாம்ப் மீட்டரை மெயினில் மாட்டி, கீசர், ஏசி, மோட்டார் எல்லாவற்றையும் ஒருசேர ஓடவிட்டு, இணைப்பில் இன்னும் எவ்வளவு சுமைக்கு இடம் மிஞ்சுகிறது என்று அளந்த பிறகே எது பொருந்தும் என்று சொன்னார்.

எவரையும் எடைபோட ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால், ஆர்.சி.டி.யைப் பற்றித்தான் கேட்பேன். மனித உடல் வழியாகவோ எர்த் வழியாகவோ கசியும் மின்னோட்டத்தைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் இந்தக் கருவியில் பல வகைகள் உண்டு. பழைய வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் டைப் ஏ.சி., மாறுதிசைக் கசிவை மட்டுமே அறியும். காருக்குள் நேர்மின்னோட்டம் புழங்குவதால், அங்கே கோளாறு ஏற்பட்டால் சீரான நேர்மின்னோட்டமே எர்த்துக்குக் கசியக்கூடும். அந்தக் கசிவு ஆர்.சி.டி.யின் உள்ளிருக்கும் காந்த வளையத்தை நிறைவுறச் செய்துவிட்டால், அதன் பிறகு வழக்கமான கசிவு வந்தாலும் கருவிக்குத் தெரியாது. போர்டில் நிமிர்ந்து நிற்கும், ஆனால் காப்பாற்றாது. டைப் ஏ வகை 6 மில்லி ஆம்பியர் வரையிலான நேர்மின்னோட்டம் சேர்ந்தாலும் வேலை செய்யும்படி அமைக்கப்பட்டது. எனவே ஒன்று, சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டக் கசிவைக் கண்டு துண்டிக்கும் அமைப்பு இருந்து, அதோடு டைப் ஏ சேர வேண்டும். இல்லையென்றால் நேர்மின்னோட்டக் கசிவையும் தானே அறியும், விலை கூடிய டைப் பி போட வேண்டும். முதலாமவர், "இருக்கிற ஆர்.சி.சி.பி.யே போதும்" என்றார்; போர்டில் ஏற்கெனவே இருந்த ஆர்.சி.டி.யைத்தான் அப்படிச் சொன்னார். நிறுவனத்தின் ஆட்கள் படிவத்தில் வகையையே குறிப்பிடவில்லை. மூன்றாமவர் சார்ஜரின் கையேட்டைத் திறந்து, அந்த 6 மில்லி ஆம்பியர் வரி எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டி, அதனால் டைப் ஏ போதும், டைப் பி-க்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று சொன்னார். பாதுகாப்புக்கும் பணத்துக்கும் ஒரே நேரத்தில் பொறுப்பேற்ற பதில் அது.

எர்த் விஷயத்திலும் அப்படியே. கார், ஈரத் தரையில் நிற்கும் பெரிய உலோக உடல்; அதைத் தொடுபவரும் அதே தரையில்தான் நிற்கிறார். சில மின்விநியோக முறைகளில் நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பியாக வீட்டுக்கு வருகின்றன. அந்தக் கம்பி தெருவில் எங்காவது அறுந்தால், எர்த் செய்யப்பட்ட உலோகம் அனைத்திலும், காரின் உடல் உட்பட, மின்னழுத்தம் ஏறும். அங்கே தனி எர்த் கம்பியோ, அறுபட்டதை உணர்ந்து துண்டிக்கும் கருவியோ தேவை. உங்கள் வீட்டுக்கு எந்த முறையில் மின்சாரம் வருகிறது என்று கேட்டால் உடனே விடை சொல்லத் தெரியாத எலக்ட்ரீஷியனை இந்த வேலைக்கு வைக்க வேண்டாம். எங்கள் எர்த்தின் மின்தடையை மூன்றாமவர் கருவி வைத்து அளந்தார். கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லும் பழக்கம் அவரிடம் இல்லை.

அவர் கொடுத்த விலைப்புள்ளி ஒரு முழுப் பக்கம். கேபிளின் அளவும் நீளமும், எம்.சி.பி.யின் ஆம்பியர், ஆர்.சி.டி.யின் வகை, மின்னல் வீச்சிலிருந்து காக்கும் எஸ்.பி.டி., குழாய், நியூட்ரல் லிங்க் மாற்றம், சோதனை, அறிக்கை என ஒவ்வொன்றுக்கும் தனி வரி இருந்தது. மற்றவர்களுடையதைவிடத் தொகை கூடுதல்தான். "சார்ஜர் பொருத்துதல், மொத்தம்" என்று ஒற்றை வரியில் வரும் விலைப்புள்ளியோடு இதை ஒப்பிடவே முடியாது. எதைக் குறைத்து அந்த விலை வந்தது என்று அதில் தெரியாது.

வேலை நடந்த விதத்தில் இரண்டு காரியங்களைச் சொல்லியாக வேண்டும். கம்பி முனைகளை முறுக்கித் திணிக்காமல், மெல்லிழைக் கம்பிகளுக்குப் ஃபெருல் என்னும் உறைமுனையை மாட்டி அழுத்தி, அதன் பிறகே டெர்மினலுக்குள் செலுத்தினார். திருகை இறுக்க, விசையளவு பார்த்து வைக்கும் டார்க் ஸ்க்ரூடிரைவரைப் பயன்படுத்தினார். கையேட்டில் ஒவ்வொரு டெர்மினலுக்கும் குறிப்பிட்டிருந்த நியூட்டன் மீட்டர் அளவைப் பார்த்து வைத்து, அளவு எட்டியதும் "டக்" என்று கருவி விட்டுக்கொடுக்கும் வரை இறுக்கி, பின்பு கம்பியை இழுத்துப் பார்த்து, திருகின் தலையில் மார்க்கரால் ஒரு கோடு போட்டார். திருகு பின்னால் தளர்ந்தால் அந்தக் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். கேபிளைப் பெட்டியின் அடிப்பக்கமாக, ரப்பர் வளையமுள்ள கிளாண்ட் வழியாக ஏற்றினார். மேலிருந்து துளைத்தால், பெட்டிக்குத் தூசியும் நீரும் புகாது என்று எத்தனை ஐ.பி. தரச் சான்று இருந்தாலும், மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கிவிடும்.

சோதனையில் அவர் அவசரப்படவே இல்லை. முதலில் சார்ஜரின் இணைப்பைக் கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெகர் என்னும் சோதனைக் கருவியால் கம்பிகளின் காப்புத்தடையைப் பார்த்தார். 1 மெகா ஓமுக்குக் கீழே போகக் கூடாத அளவு அது. சார்ஜரைக் கழற்றாமல் இந்தச் சோதனையைச் செய்தால் அதன் மின்னணுப் பலகை கெட்டுவிடலாம். பிறகு ஆர்.சி.டி.யின் டெஸ்ட் பட்டனோடு நில்லாமல், 30 மில்லி ஆம்பியர் கசிவைக் கருவியால் உண்டாக்கி, 300 மில்லி விநாடிக்குள் துண்டிக்கிறதா என்று அளந்தார். கடைசியாகக் காரைப் போலவே நடிக்கும் ஒரு சிறு சோதனைக் கருவியைச் சார்ஜரின் முனையில் மாட்டினார். காருக்கும் சார்ஜருக்கும் இடையே பைலட் என்னும் மெல்லிய கம்பி வழியாக 1,000 ஹெர்ட்ஸ் சமிக்ஞை ஓடுகிறது. எதுவும் மாட்டாதபோது 12 வோல்ட், கார் மாட்டியதும் 9, கார் மின்சாரம் கேட்கும்போது 6 என்று அதன் அழுத்தம் இறங்கும். கருவியின் குமிழை அவர், கார் மின்சாரம் கேட்கும் 'சி' நிலைக்குத் திருப்பியதும் பெட்டிக்குள் மின்சாரத்தைத் திறந்துவிடும் காண்டாக்டர் அடித்த சத்தம் கேட்டது. எர்த் துண்டிப்பு நிலைக்குத் திருப்பியதும் அதே நொடியில் காண்டாக்டர் விழுந்து மின்சாரம் நின்றது. இவ்வளவும் முடிந்த பிறகே எங்கள் காரை மாட்டச் சொன்னார். முழு மின்னோட்டத்தில் நன்றாக ஓடவிட்டு, வெப்பமானியால் ஒவ்வொரு டெர்மினலையும் பார்த்துவிட்டுத்தான் போர்டின் மூடியை மாட்டினார்.

குறைகள் இல்லாமல் இல்லை. சொன்ன தேதியில் அவர் வேலையைத் தொடங்கவில்லை. தள்ளிப்போனதைத் தெரிவிக்கவும் இல்லை, நானேதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சோதனை அறிக்கையைத் தருவதற்கும் நினைவூட்டல்கள் தேவைப்பட்டன. இறுதித் தவணையை அறிக்கை கைக்கு வரும்வரை நிறுத்தி வைத்தது நல்லதாயிற்று, மற்றவர்களும் அப்படியே செய்யலாம். சார்ஜரின் செயலியில் நேரம் அமைப்பது, உச்ச ஆம்பியரை மாற்றும் கடவுச்சொல் ஆகியவற்றை அவர் விளக்காமலேயே போய்விட்டார். அந்த உச்ச அளவு, போடப்பட்ட கேபிளுக்கும் எம்.சி.பி.க்கும் பொருந்தி அமைக்கப்பட்டிருப்பதால், யாரும் தெரியாமல் கூட்டிவிடக் கூடாத ஒன்று. அதை வீட்டாரிடம் அவர் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சுவர்த் துளையைச் சுற்றிய பூச்சு வேலையும் சுமார்தான்.

இருந்தாலும் இதே வேலைக்கு அவரையே மீண்டும் அழைப்பேன், கேட்பவர்களுக்கும் சொல்வேன். உரிமம், காப்பீடு, இதற்கு முன் பொருத்திய சார்ஜர்கள் ஆகியவற்றைக் கேட்டுப் பார்ப்பது அவசியம்தான். ஆனால் உரிமம் வைத்திருப்பவர்களிலும் அளப்பவர்கள் உண்டு, அளக்காதவர்கள் உண்டு. முந்தைய வேலை ஒன்றின் சோதனை அறிக்கையைப் பெயர்களை மறைத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதில் எண்கள் நிறைந்திருக்கின்றனவா, எல்லாக் கட்டத்திலும் 'சரி' என்று மட்டும் எழுதியிருக்கிறதா என்பதிலிருந்தே ஆளைப் புரிந்துகொள்ளலாம்.

பேச்சின் இடையே அவர் சொன்ன ஒன்று, பலருக்கும் பணத்தை மிச்சப்படுத்தக்கூடியது. நாளொன்றுக்கு 40, 50 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவருக்கு 32 ஆம்பியர் தேவையே இல்லை. 16 ஆம்பியரில் 3.7 கிலோவாட் கிடைக்கும். எட்டு மணி நேரத்தில் 29 யூனிட் ஏறும், ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் போகும் காரில் இழப்பெல்லாம் கழித்து 150 கிலோமீட்டர் ஓடலாம். தன் பில் தொகை குறையும் என்று தெரிந்தே இதைச் சொல்பவர் கிடைத்தால் விடக் கூடாது. ஆனால் 16 ஆம்பியர் என்பதற்காக, சுவரில் ஏற்கெனவே இருக்கும் பிளக் பாயின்ட்டில் இரவு முழுவதும் காரை மாட்டி வைக்கலாம் என்று பொருளல்ல. அந்தப் பாயின்ட்டுகள் இவ்வளவு நீண்ட சுமைக்காக அமைக்கப்பட்டவை அல்ல. போர்டிலிருந்து தனியாக வரும் லைன், சரியான வகை ஆர்.சி.டி., அளந்து உறுதி செய்த எர்த், இறுக்கம் பார்த்த திருகுகள் ஆகியவை அங்கேயும் அப்படியே வேண்டும். குறைவது கேபிளின் தடிமனும் எம்.சி.பி.யின் அளவும்தான்.